கேளுங்கள், சொல்கிறேன்: சிவப்பு உறையும் சமையலறைத் தராசும்

சென்ற இதழின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தேன்: “மே மாதம் இரண்டாம் வாரம் சிவப்பு உறையோடு தெருவில் இருப்பேன், கடிதங்களுக்குப் பதில் தாமதமாகும்.” மூட்டுவலி பற்றி இரண்டு பக்கம் எழுதியபோது வராத கடிதங்கள் அந்த ஒரு வரிக்கு வந்து குவிந்துவிட்டன. எனவே இந்த மாதம் முழுவதும் உறைதான். மூட்டுவலிக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், நானும் உங்களில் ஒருத்திதான், அதுவும் அறுபது வீட்டுப் படி ஏறி இறங்கியவள்.

அது என்ன சிவப்பு உறை? லண்டனுக்குப் படிக்க வந்த புதிதில் கதவுத் துளை வழியாக ஒன்று வந்து விழுந்தது. ஏதோ வங்கி விளம்பரம் என்று குப்பையில் போட்டுவிட்டேன்.
— மாணவர், ஈஸ்ட்ஹாம்

போட்டது போகட்டும், தம்பி. எங்கள் தெருவில் பாதி வீட்டில் அதுதான் நடக்கிறது.

அது கிறிஸ்டியன் எய்ட் வாரத்துக்கு நன்கொடை போட்டுத் தரும் உறை. 1945இல் போர் முடிந்த கையோடு, ஐரோப்பாவில் வீடு வாசல் இழந்து அலைந்த அகதிகளுக்கு உதவ, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உள்ள சபைகள் கூடித் தொடங்கிய அமைப்பு அது. அப்போது அதற்கு வேறு பெயர், வாயில் நுழையாத நீளப் பெயர். அதை நடத்திவந்தவர் ஜேனட் லேசி என்ற அம்மையார். கோயிலுக்கு வருகிறவர்களிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் எப்போது தீரும் என்று, ஆண்டில் ஒரு வாரத்தைக் குறித்து ஊரெல்லாம் கேட்கலாம் என்று 1957இல் இறங்கினார். முதல் ஆண்டு ஏறத்தாழ 200 ஊர்களில் கேட்டார்கள். 26,000 பவுண்டு சேர்ந்தது. அந்த வாரத்தின் பெயர் மக்கள் மனத்தில் நன்றாக ஊன்றிவிடவே, 1964இல் அமைப்பும் அதையே தன் பெயராக வைத்துக்கொண்டது. பிள்ளையின் பெயரைத் தாய்க்கு வைத்த கதை.

ஒவ்வொரு மே மாதமும் ஞாயிறு தொடங்கி சனி முடிய வாரம் நடக்கும். எங்களைப் போன்ற உள்ளூர்ச் சபைகள்தான் உறையைக் கொண்டுபோய்க் கொடுத்து, பிறகு போய் வாங்கி, எண்ணி அனுப்புகின்றன. அடுத்த முறை உறை விழுந்தால் குப்பைக்கூடைக்கு முன் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். வெறும் உறையாகத் திருப்பிக் கொடுத்தாலும் யாரும் கோபிக்க மாட்டோம்.

கோயிலில் காணிக்கை எடுத்து அனுப்பினால் போதாதா? வயதான காலத்தில் வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் போய்க் கையேந்தி நிற்பது உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

இருந்தது, ஐயா. நன்றாகவே இருந்தது.

1993இல் நாங்கள் தெற்கு லண்டனுக்கு வந்தோம். நான்கு ஆண்டு ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய், பின்வரிசையில் உட்கார்ந்து, தேநீர் குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் குருவானவர் அட்டைப்பெட்டியோடு வந்து, “உங்கள் தெருவுக்கு ஆள் இல்லை” என்றார். குருவானவர் கேட்டு இல்லை என்று சொல்கிற வளர்ப்பு நமக்கு இல்லையே. வாங்கிக்கொண்டேன்.

உறைகளைப் போடுவது சுலபம். கதவுத் துளைக்குள் தள்ளிவிட்டு ஓடிவந்துவிடலாம். திரும்பப் போய்க் கேட்பதுதான் சங்கடம். வியாழக்கிழமை மாலை வேலையிலிருந்து வந்து, ஒரு தேநீர் குடித்து, இன்னொரு தேநீர் குடித்து, கடைசியில் இறங்கினேன். முதல் வீட்டில் மணியை அழுத்திவிட்டு, ஆண்டவரே, யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்று ஜெபித்தேன். அந்த ஜெபம் கேட்கப்பட்டது. இரண்டாவது வீட்டிலும் கேட்கப்பட்டது. மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர் திறந்து, என் கழுத்துப் பட்டையில் தொங்கிய அடையாள அட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து, என் முகத்தையும் படித்து, “நான் கொடுப்பதில்லை. ஏன் கொடுப்பதில்லை என்று சொல்லட்டுமா?” என்றார். சொன்னார். பதினைந்து நிமிடம். உதவிப் பணத்தை அங்கே மந்திரிகள் தின்கிறார்கள், இங்கே அதிகாரிகள் தின்கிறார்கள், நடுவில் உங்களைப் போன்றவர்கள் செருப்பைத் தேய்க்கிறீர்கள் என்றார்.

நியாயமாகப் பார்த்தால் நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் கூச்சம் அன்றைக்கே போய்விட்டது. இதைவிட மோசமாக இனி யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? நான்கு ஆண்டு அந்தத் தெருவில் இருந்தும் எனக்கு இரண்டு வீட்டுக்காரர் பெயர்தான் தெரியும். அந்த வாரம் முடியும்போது பத்துப் பன்னிரண்டு பெயர் தெரிந்துவிட்டது. யார் வீட்டில் நாய், யார் வீட்டில் கைக்குழந்தை, யார் காது கேளாமல் மணிக்குப் பதில் சன்னலைத் தட்ட வேண்டும், எல்லாம் தெரிந்துவிட்டது. காணிக்கைத் தட்டு கோயிலுக்குள் சுற்றிவரும், ஐயா, தெருவுக்கு வராது.

அந்தப் பெரியவர் இன்றும் இருக்கிறார். இதுவரை ஒரு பென்னி கொடுத்ததில்லை. ஆனாலும் அவர் வீட்டை நான் விடுவதில்லை. ஒரு வருடம் சளி பிடித்து இரண்டு நாள் தாமதமாகப் போனேன். “வியாழக்கிழமையே எதிர்பார்த்தேன்” என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். கையேந்துவது என்றாலும் அதற்கு இங்கே சட்டம் உண்டு. வீடு வீடாக நிதி கேட்பதற்கென்று 1939இல் இயற்றிய சட்டம் இன்றும் இருக்கிறது. பதினாறு வயது நிரம்பாதவர் போகக் கூடாது. அடையாள அட்டையும் அதிகாரச் சான்றும் வைத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் போகச் சொன்னால் அதற்கு மேல் வாசலில் நிற்கக் கூடாது. ‘அழையாதவர் மணி அடிக்க வேண்டாம்’ என்று சிறு அட்டை ஒட்டியிருக்கும் வீடுகளைத் தாண்டிப் போய்விடுவோம்.

எங்கள் பாட்டி காலத்துக் கைப்பிடி அரிசியைத்தான் அங்கே உறையில் வாங்குகிறீர்கள் போலிருக்கிறதே?
— வாசகி, நாசரேத்

உங்கள் கடிதம் என்னை எங்கள் வீட்டு அடுப்பங்கரைக்கே கொண்டுபோய்விட்டது. உலை வைக்க அரிசி அளந்ததும், அம்மா அதிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பக்கத்திலிருந்த பிஸ்கட் டின்னில் போடுவார். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் போடுவார். அன்று பிடி சற்றுச் சின்னதாக இருக்கும், நான் கவனித்திருக்கிறேன். வாரக் கடைசியில் சங்கத்துப் பெண்கள் வந்து டின்னைக் கவிழ்த்துக்கொண்டு போவார்கள். புழுங்கலும் பச்சையும் பல வீட்டு அரிசியும் கலந்த அந்தச் சாக்கை விலை பேசி விற்றுப் பணமாக்குவார்கள்.

கேட்கிற முறை ஒன்றுதான்: கொஞ்சம், எல்லோரிடமும், தவறாமல். ஆனால் போய்ச் சேரும் இடம் வேறு. அம்மாவின் அரிசி ஊழியத்துக்குப் போனது. 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் தெலுங்கு நாட்டில் டோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பியது. அதை முன்னின்று நடத்தியவர் நம்முடைய வேதநாயகம் சாமுவேல் அசரியா. பிரசங்கிக்கத்தான் அனுப்பினார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. சிவப்பு உறைப் பணம் அதற்குப் போவதில்லை. இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் இரண்டுக்கும் அநியாயம். அடுத்த கடிதக்காரருக்கும் இது உதவும்.

நான் சைவன். பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த உறையில் 10 பவுண்டு போட்டேன். என் மைத்துனர், “மதமாற்றத்துக்குப் பணம் கொடுத்துவிட்டாய்” என்கிறார். உண்மையா?
— வாசகர், ஹாரோ

இல்லை. உங்கள் 10 பவுண்டு ஒருவரையும் ஞானஸ்நானத் தொட்டிக்கு அழைத்துப் போகவில்லை. ‘தேவையைப் பார், சமயத்தைப் பாராதே’ என்ற பொருளில் ஜேனட் லேசி காலத்திலேயே முழக்கம் வைத்துத்தான் இந்த அமைப்பு பணம் திரட்டியது. அந்தந்த நாட்டிலேயே இயங்கும் அமைப்புகள் வழியாக வேலை நடக்கிறது. அவற்றில் கிறிஸ்தவ அமைப்பாக இல்லாதவையும் உண்டு. பெயரில் கிறிஸ்து இருப்பதற்குக் காரணம், கேட்கிறவர்கள் நாங்கள் என்பதுதான்.

மைத்துனருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். பெரிய பேரிடர் வரும்போது பிரிட்டனின் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரே குழுவாக நிதி கேட்பது வழக்கம். 1963இல் அந்தக் குழுவைத் தொடங்கிய ஐந்தில் செஞ்சிலுவைச் சங்கம், ஆக்ஸ்பாம் ஆகியவற்றோடு கிறிஸ்டியன் எய்டும் ஒன்று. 2004 ஆழிப்பேரலைக்கு இந்த நாட்டு மக்கள் அந்தக் குழுவிடம் கொடுத்தது 39 கோடியே 20 லட்சம் பவுண்டு. இந்தோனேசியாவுக்கு மட்டுமல்ல, இலங்கைக்கும் நம்முடைய கடற்கரைக்கும் அந்தப் பணம் போயிற்று. அங்கே யாரும் வேதாகமப் பரீட்சை வைத்துவிட்டுப் படகு கொடுக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பெயர் உறுத்துகிறது என்றால் கொடுக்க வேண்டாம். கொடுக்கிற இடம் வேறு ஆயிரம் இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா அதனால் உங்களோடு பேசாமல் இருக்கப் போவதில்லை.

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் பங்குக் கோயிலில் இந்த வாரம் பற்றி ஒன்றும் சொல்வதில்லையே?
— வாசகி, நார்பரி

உங்களுக்கு காபோட் என்ற கத்தோலிக்கத் தொண்டு நிறுவனம் இருக்கிறது. 1962இல் ஆயர்கள் தொடங்கியது. தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஒரு வேளை உணவை விட்டு, அந்தப் பணத்தை உறையில் போட்டுக் கொடுப்பீர்களே, அதுதான் உங்கள் கணக்கு. மே மாதத்து உறை உங்கள் பங்குக்கு வராவிட்டாலும் வீட்டுக்கு வரும். நாங்கள் கதவைப் பார்த்து சபை கேட்பதில்லை.

உறைகளை வாங்கி என்ன செய்கிறீர்கள்? யார் எண்ணுகிறார்கள்? நடுவில் இரண்டு நோட்டுக் குறைந்தால் யாருக்குத் தெரியும்? தவறாக நினைக்க வேண்டாம், சந்தேகம் என் கூடப் பிறந்தது.
— வாசகர், குரோய்டன்

தவறாக நினைக்கவில்லை. உங்களைப் போன்றவரைத்தான் எண்ணும் மேசையில் உட்கார வைக்க வேண்டும். நான் முப்பது ஆண்டு சம்பளக் கணக்குப் பிரிவில் இருந்தவள். எனக்கும் அதே வியாதி.

உறை ஒட்டித்தான் திரும்பி வர வேண்டும். வாங்குகிறவர் அதைத் திறக்கக் கூடாது. ஒட்டாமல் கொடுத்தால் அவர்கள் முன்னாலேயே ஒட்டச் சொல்வேன். வெள்ளிக்கிழமை இரவு எல்லா உறைகளும் கோயிலின் உடைமாற்றும் அறைக்கு வரும். அங்கே ஒருவர் மட்டும் இருந்து எண்ணக் கூடாது. குறைந்தது இரண்டு பேர், அதுவும் கணவனும் மனைவியுமாக இருக்கக் கூடாது என்பது எங்கள் சபை வழக்கம். என்னோடு எண்ணுகிறவர் ஜமைக்காவில் பிறந்த ஓய்வுபெற்ற தாதி. நான் சொல்கிற தொகையை அவர் நம்புவதில்லை, அவர் சொல்வதை நான் நம்புவதில்லை. இப்படியே பதினெட்டு ஆண்டு நல்ல சிநேகம். ஒரு உறையைக் கிழித்துக் கவிழ்ப்போம். உள்ளே ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விளக்கில் பிடித்துப் பார்ப்போம். வரிச் சலுகைக்குப் பெயர் எழுதியிருந்தால் அதன் மேலேயே தொகையைக் குறித்துத் தனியாக வைப்போம்.

நோட்டு எண்ணுவது நொடியில் முடிந்துவிடும். இடுப்பை ஒடிப்பது சில்லறைதான். ஜாம் புட்டியில் ஆண்டு முழுவதும் போட்டுவைத்த செம்புக் காசை உறை கிழியக் கிழியத் திணித்துக் கொடுக்கிற வீடுகள் உண்டு. முதல் ஆண்டு ஒவ்வொன்றாக எண்ணினோம், இரவு பதினொன்றரை. அடுத்த ஆண்டு என் சமையலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு பென்னிக் காசின் எடை 3.56 கிராம். இரண்டு பென்னிக் காசு அதற்குச் சரியாக இரு மடங்கு, 7.12. ஆகவே இரண்டையும் எப்படிக் கலந்து கொட்டினாலும் 356 கிராம் நின்றால் ஒரு பவுண்டு. பிரித்து அடுக்க வேண்டியதே இல்லை! ஐந்து பென்னியும் பத்துப் பென்னியும் இதே போலத்தான், 3.25, 6.5, வங்கிப் பைக்கு ஐந்து பவுண்டு வேண்டுமானால் 325 கிராம். இருபதும் ஐம்பதும் அந்தக் கணக்குக்கு ஒத்துவராது, அவற்றைக் கையால்தான் பிரிக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை என் கணவரால் கடைசிவரை புரிந்துகொள்ள முடியவில்லை. அந்தத் தராசில் அன்று காலைதான் அதிரசத்துக்கு மாவு நிறுத்திருந்தேன்; சில்லறை சற்று வெளுப்பாக வங்கிக்குப் போயிற்று.

காசு மட்டும் வரும் என்று நினைக்காதீர்கள். சட்டைப் பொத்தான் வந்திருக்கிறது. கடைத் தள்ளுவண்டிக்குப் போடுகிற பிளாஸ்டிக் வில்லை வந்திருக்கிறது. ஒரு முறை இலங்கை ஐந்து ரூபாய். என் தெருவில் இலங்கைக்காரர் வீடு ஒன்றே ஒன்றுதான், ஆனாலும் பெயரைச் சொல்ல மாட்டேன். 2017இல் இன்னொரு கூத்து. பழைய காகித ஐந்து பவுண்டு நோட்டு மே 5ஆம் தேதியோடு செல்லாது என்று ஆகியிருந்தது. எங்கள் வாரம் 14ஆம் தேதி தொடங்கியது. வீட்டு மேசை இழுப்பறைகளில் ஒதுங்கிக் கிடந்த பழைய நோட்டுகளுக்கெல்லாம் அந்த ஆண்டு திடீரென்று தர்ம சிந்தனை வந்துவிட்டது. ஏழு நோட்டு. நல்ல வேளையாக வங்கிக் கணக்கில் செலுத்த முடிந்தது.

இவ்வளவு பேசுகிற நானே தவறியிருக்கிறேன். ஒரு வருடம் மே மாதத்தில் விடாத குளிர். கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு உறை வாங்கப் போனேன். அக்டோபரில் அந்தக் கோட்டைத் திரும்ப எடுத்தபோது உள் பையில் இரண்டு உறை, ஒட்டியது ஒட்டியபடி. ஐந்து மாதம்! கை நடுங்கிவிட்டது. திறக்காமல் அப்படியே தாதியம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் முன்னால் கிழித்தேன்: 12 பவுண்டு. அன்றே அனுப்பிவிட்டோம், குறிப்பேட்டில் காரணத்தையும் என் கையாலேயே எழுதினேன். இப்போதெல்லாம் உறை வாங்கப் போகும்போது ஜிப் போட்ட துணிப்பை ஒன்றுதான். மற்ற எந்தப் பையிலும் கை போகாது.

உறையின் பின்னால் ‘கிப்ட் எய்ட்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் குறியிட்டால் என் கணக்கிலிருந்து கூடுதலாகப் பிடிப்பார்களா?
— வாசகி, வெம்ப்ளி

உங்களிடமிருந்து ஒரு பென்னி கூடப் பிடிக்க மாட்டார்கள். நீங்கள் வருமான வரி கட்டுகிறவரானால், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்னியை அரசாங்கத்திடமிருந்து தொண்டு நிறுவனம் பெற்றுக்கொள்ளும். முழுப் பெயர், வீட்டு முகவரி, அஞ்சல் குறியீடு எல்லாம் எழுத வேண்டும். வரி கட்டாதவர்கள் குறியிடக் கூடாது. மாணவர்களும், ஓய்வூதியம் வரி வரம்புக்குள் வராத பெரியவர்களும் கவனிக்கவும். அப்படிக் குறியிட்டால் வித்தியாசத் தொகையை உங்களிடமே கேட்க வரித்துறைக்கு உரிமை உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் இந்த வாரத்தில் எங்கள் கோயிலில் மலாவி நாட்டுப் படம் ஒன்று காட்டினார்கள். ‘பிஜன் பீ’ பயிரிடுகிறார்கள் என்றார்கள். புறாப் பட்டாணியா? யாரைக் கேட்டாலும் தெரியவில்லை.
— வாசகி, நியூ மால்டன்

புறாவுமில்லை, பட்டாணியுமில்லை. துவரை, அம்மா! நீங்கள் இன்று மத்தியானம் குழம்பு வைத்திருந்தால் அதுதான்.

2023ஆம் ஆண்டு அது. எங்கள் கோயிலிலும் திரை கட்டிக் காட்டினார்கள். மஞ்சள் பூவும் பச்சைக் காயுமாக ஆளுயரச் செடிகள் திரையில் வந்ததும், வாயை மூடிக்கொண்டிருக்க முடியாமல் “துவரை!” என்று கத்திவிட்டேன். முன்வரிசை முழுக்கத் திரும்பியது. படம் முடிந்ததும் குருவானவர் என்னை எழுப்பி விளக்கச் சொன்னார். அடுத்த ஞாயிறு ஒரு கிண்ணத்தில் தோலோடு முழுத் துவரையும், இன்னொன்றில் உடைத்த பருப்பும் கொண்டுபோய், கைக்குக் கை கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அதுவரை மலாவி அவர்களுக்குத் திரையில் ஒரு ஊர். பருப்பு உள்ளங்கைக்கு வந்ததும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அங்கே அதன் பெயர் நன்டோலோ. வேர் ஆழமாகப் போகும், மழை பொய்த்தாலும் தாங்கும், மண்ணுக்கும் உரம் சேர்க்கும். சிறு விவசாயிகளுக்கு ஏற்ற பயிர். சிக்கல் விற்பதில்தான். அறுவடைக் கையோடு கடனுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பணம் வேண்டும். வாசலுக்கு வருகிற வியாபாரி சொன்னதுதான் விலை. கூட்டுறவாகச் சேர்ந்து, சேமித்து வைத்து, நல்ல விலை வரும்போது மொத்தமாக விற்கப் பழக்குகிற வேலைக்குத்தான் அந்த ஆண்டு நிதி கேட்டார்கள். அதற்குள் மார்ச்சில் பிரெடி புயல் அடித்து நாட்டின் தென்பகுதியைப் புரட்டிப்போட்டுவிட்டது. ஆயிரம் பேருக்கு மேல் இறந்தோ காணாமலோ போனார்கள்.

இப்போது நமக்குச் சுடுகிற பகுதி. அந்தத் துவரையை வாங்குகிற பெரிய வீடு இந்தியா. 2017இல் இந்தியாவில் துவரை நன்றாக விளைந்து விலை சரிந்ததும், இறக்குமதிக்கு வரம்பு கட்டினார்கள். மலாவியில் விலை விழுந்தது. பிறகு இந்தியாவில் பற்றாக்குறை வந்ததும், 2021இல், ஆண்டுக்கு 50,000 டன் வீதம் ஐந்தாண்டு வாங்குவதாக மலாவியோடு ஒப்பந்தம் போட்டார்கள். நம் ஊர் விவசாயியைக் காப்பாற்ற வேண்டாமா என்றால், வேண்டும்தான்; என் சித்தப்பாவே துவரை போட்டவர். ஆனால் நாம் கதவைத் திறந்து திறந்து மூடும்போது விரல் நசுங்குவது அங்கே ஒரு பெண்ணுக்கு. சிவப்பு உறை இதைச் சரிசெய்யாது. எங்கள் தெருப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, “அதைத்தானே நான் இத்தனை வருடமாகச் சொல்கிறேன்” என்றார், அவர் சொன்னது வேறு ஏதோ என்றாலும்.

2023இல் அந்த வாரத்துச் சனிக்கிழமை கோயில் கூடத்தில் நிதிக்காகக் காலை உணவு. வழக்கமாக ரொட்டியும் பன்றி இறைச்சியும் அவரைக் கொட்டையும்தான். அந்த முறை அறுபது பேருக்கு இட்லி, சாம்பார். இரண்டு கிலோ துவரம்பருப்பு, என் பெரிய குக்கரில் நான்கு ஈடு. எண்பத்தொரு வயது ஆங்கிலேய அம்மா ஒருவர் இட்லியைக் கரண்டியால் தட்டிப் பார்த்து, “இது இனிப்பா, உப்பா?” என்றார். இரண்டும் இல்லை என்றேன். மூன்று சாப்பிட்டார்.

எங்கள் சபையில் வீடு வீடாகப் போவதை நிறுத்தியே விட்டார்கள். ‘ஆள் இல்லை, காசும் யாரும் வைத்திருப்பதில்லை, இணையத்தில் கேட்டால் போதும்’ என்கிறார்கள். உங்கள் அபிப்பிராயம்?
— சபைக் குழு உறுப்பினர், லெஸ்டர்

அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. 2020இல் தொற்று வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தபோது, உறை ஒரு வாசலுக்கும் போகவில்லை. இணையத்தில்தான் வாரம் நடந்தது. அதற்குப் பிறகு பல சபைகள் பழையபடி இறங்கவில்லை. எங்களிடம் முன்பு இருபத்திரண்டு பேர் போனோம், இப்போது ஆறு பேர். ஆறு பேரில் நான்கு பேருக்கு முழங்கால் சரியில்லை. இளம் குடும்பங்களின் வீட்டில் ஒரு பவுண்டுக் காசு தேடினால் கிடைக்காது. உறையிலுள்ள கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் படம் பிடித்துப் பணம் அனுப்பிவிடுகிறார்கள். வேலை குறைந்தது என்று நானும் சந்தோஷப்படுகிறேன்.

வேறு வழிகளும் மோசமில்லை. எடின்பரோவில் ஜார்ஜ் தெருக் கோயிலில் பல பத்தாண்டுகளாகப் பழைய புத்தக விற்பனை நடத்தித் திரட்டினார்கள்; படிகளிலிருந்தே வரிசை நிற்கும். நடைபயணம் போகிறார்கள், கேக் விற்கிறார்கள். ஆனால் கேக் வாங்க வருகிறவர் ஏற்கெனவே நம்மவர். அந்தப் பதினைந்து நிமிடப் பெரியவர் கேக் வாங்க வர மாட்டார்.

முப்பது தெரு முடியாது என்றால் மூன்று தெரு போங்கள். ஆள் இல்லாத தெருவில் உறையைப் போட்டுவிட்டு, திருப்பித் தர வேண்டிய கோயில் முகவரியை ஒட்டிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். கொஞ்சம்தான் திரும்பி வரும். குழுக் கூட்டத்தில் என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று சொன்னால், இந்தப் பத்தியைக் காட்டி, ஆமாம் என்று ஒப்புக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

அடுத்த மே மாதம் எங்கள் தெருவில் நானும் போகலாம் என்று இருக்கிறேன். முதல் முறை. என்ன எடுத்துப்போக வேண்டும்?
— இல்லத்தரசி, தூட்டிங்

அடையாள அட்டை, பேனா, மிச்ச உறை பத்து (தொலைத்துவிட்டேன் என்பார்கள்), தெருவின் வீட்டு எண் வரிசையாக எழுதிய தாள். வீட்டில் ஆளில்லையென்றால் எண்ணுக்கு நேரே குறித்து, இன்னொரு நாள் வேறு நேரத்தில் போங்கள். இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். மாலை ஆறு மணியிலிருந்து ஏழரை நல்லது. இருட்டிய பிறகு மணி அடிக்காதீர்கள். சேலையானால் கணுக்கால் தெரியக் கட்டுங்கள், இந்த ஊர்ப் படிகள் வழுக்கும்.

உங்கள் சமையலறையிலிருந்து ஒரு மரக்கரண்டியும் எடுத்துக்கொள்ளுங்கள், தட்டையாக இருப்பது. புதுக் கதவுகளின் தபால் துளையில் இரண்டு அடுக்குத் தூரிகையும் இரும்பு வில்லும் இருக்கும். உறை பாதியில் மடங்கி நிற்கும். அதை விரலால் தள்ளாமல் கரண்டியால் தள்ளுங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் சத்தமே போடாமல் காத்திருக்கிற நாய்கள் இருக்கின்றன. என் கரண்டியின் நுனியில் நான்கு பல் தடம் இருக்கிறது. நாற்பத்தொன்றாம் எண் வீடு.